ஒரு கிளாவர் என்றால் கிளாவர் இல்லை

“ஒரு கிளாவர்” என்று சொல்லிவிட்டுச் சம்பந்தி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பக்கத்தில் இருந்த வக்கீல் உடனே, மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார். “உங்க பார்ட்னர் ஒரு கிளாவர்னாரே, அதுக்கு என்ன அர்த்தம்?”

கண்ணாடிக்காரருக்கு அந்த அர்த்தம் கிளப்புக்குக் கிளம்புகிற வரை தெரிந்திருந்தது. செருப்பு மாட்டும்போதுகூட ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

பிரிட்ஜ் ஆட்டத்தில் இது ஒரு விநோதமான மரியாதை. நாலு பேர் ஆட்டம், எதிரெதிரே உட்காருகிற இருவர் ஒரு கட்சி. சீட்டில் கறுப்பாகக் கிளாவர், ஸ்பேடு, சிவப்பாக டைமன், ஆர்ட்டின் என்று நாலு இனம். சீட்டு இறங்குவதற்கு முன்னால் ஓர் ஏலம் நடக்கும். அந்த ஏலத்தில் சொல்கிற நாலு வார்த்தையை வைத்துத்தான் தன் கையில் என்ன இருக்கிறது என்று பார்ட்னருக்குத் தெரிவிக்க வேண்டும். இருமல், பெருமூச்சு, கண் ஜாடை எல்லாம் குற்றம். பார்ட்னர் முகத்தை உற்றுப் பார்ப்பதே அவ்வளவு யோக்கியமான காரியம் இல்லை. அப்புறம், சங்கேதமாக ஏதாவது சொன்னால் எதிராளியிடம் அதை மறைக்கவும் கூடாது. கேட்டால் சொல்லியாக வேண்டும். ஆனால் சொன்னவர் விளக்கக் கூடாது, அவருடைய பார்ட்னர்தான் விளக்க வேண்டும். அந்தப் புண்ணியவான் என்ன உளறினாலும் சொன்னவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

“அது வந்து,” என்றார் கண்ணாடிக்காரர், “கிளாவர் இல்ல.”

“கிளாவர் இல்லன்னா?”

“ஒரு கிளாவர்னா கிளாவர்னு அர்த்தம் இல்ல.”

“அப்ப அவர் கையில கிளாவரே கிடையாதா?”

“இருக்கலாம்.”

வக்கீல் நாற்பது வருஷம் குறுக்கு விசாரணை செய்து பழுத்தவர். கையில் இருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அது என் கைக்கும் பொருந்தும், இந்த மேஜைக்கும் பொருந்தும். அவர் எதுக்காக அதைச் சொன்னார்?”

“பாவம், விடுங்க,” என்றார் வக்கீலின் பார்ட்னரான சரித்திர டீச்சர்.

சம்பந்தி விதிப்படி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தன் தங்க விளிம்புக் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். சம்பந்தி கோபப்பட்டு இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆனால் கொஞ்ச காலமாக, ஆட்டம் கெடுகிற நேரமெல்லாம் இப்படித் துடைக்கிறார். இதுதான் அவருடைய கோபம் என்று கண்ணாடிக்காரர் கண்டுபிடித்து வைத்திருந்தார். சமீபத்தில் சம்பந்தி ஓய்வு பெற்ற அன்று இவரே தன் கையால் செய்து பரிசளித்த கண்ணாடி அது. அதைத் துடைத்தே தன்னைத் திட்டுகிறாரே என்று இருந்தது அவருக்கு.

சம்பந்தி பல் டாக்டர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் மகனுக்குத் தன் ஒரே பெண்ணைக் கொடுத்தபோது, கண்ணாடிக்காரர் அவர் முன்னால் உட்காரவே பயந்தார். முதல் மூன்று மாதம் இருவரும் “வாங்க”, “சௌக்கியமா”, “சாப்பிட்டீங்களா” என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பிட்டீங்களா என்ற கேள்விக்குச் சாப்பிடாமலே சாப்பிட்டாச்சு என்று பதில் சொல்லி இருவரும் பட்டினியாகத் திரும்பிய நாள்கூட உண்டு. ஒரு நாள் டாக்டர் கூச்சத்தோடு கேட்டார்: “உங்களுக்குச் சீட்டாட வருமா?” அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் என்றால் கிளப், கிளப் என்றால் ஜன்னல் ஓரத்து மேஜை, மேஜைக்கு அந்தப் பக்கம் சம்பந்தி. பெண்ணைக் கொடுத்த இடத்தில் மரியாதை கிடைக்கும், மனஸ்தாபம் கிடைக்கும். சிநேகிதம் கிடைப்பது லேசில் நடக்கிற காரியம் இல்லை. கண்ணாடிக்காரருக்கு அது கிடைத்திருந்தது. வாரத்தில் மற்ற ஆறு நாளும் அவர் அந்த ஒரு நாளை வைத்துத்தான் ஓட்டினார்.

அவர்களுடைய பழைய முறை எளிமையானது. கையில் எது நிறைய இருக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும். ஸ்பேடு இருந்தால் ஸ்பேடு, ஆர்ட்டின் இருந்தால் ஆர்ட்டின். அரிச்சந்திரன் ஆடியிருந்தால் இப்படித்தான் ஆடியிருப்பான். பத்து வருஷத்தில் கோப்பை எதுவும் வாங்கவில்லை என்றாலும் கெட்ட பெயரும் வாங்கவில்லை. சமீபத்தில்தான் எல்லாம் கோணியது. ஒரு சனிக்கிழமை டாக்டர் துணிந்து ஸ்பேடு கேட்டார், இவரும் ஏற்றிவிட்டார், கடைசியில் பார்த்தால் டாக்டர் கையில் ஸ்பேடு இரண்டே இரண்டு. பெரிய ஆட்டக்காரர்கள் இல்லாததை இருப்பதாகச் சொல்லி எதிராளியை மிரட்டுவது உண்டு. அந்த நுணுக்கம் புரியாமல் தான்தான் கெடுத்துவிட்டோம் என்று கண்ணாடிக்காரர் மருகினார். அதற்கு அடுத்த மாதம்தான் டாக்டர் புது முறையைக் கொண்டுவந்தார்.

“பழசு அலுத்துப்போச்சு சம்பந்தி,” என்று நாலு பக்கம் தட்டச்சு செய்து கொடுத்தார். “இதுல நான் இனம் சொல்லவே வேண்டாம். நல்ல கை வந்தா ஒரு கிளாவர்னு மட்டும் சொல்வேன். என்னென்ன இனம்னு சொல்றது நீங்க. ஆடறதும் நீங்க. நான் டம்மி. என் சீட்டை மேஜை மேல விரிச்சு வெச்சுட்டு உக்காந்திருப்பேன்.”

நல்லதுக்குத்தான் சொல்கிறார் என்று முதலில் நினைத்தார். பிறகுதான் உறைத்தது. எல்லாப் பாரத்தையும் இவர் தலையில் வைத்தால் அது பரீட்சை அல்லாமல் வேறென்ன? மாதக் கடைசியில் வருஷாந்திரப் போட்டிக்கு ஜோடிப் பெயர் கொடுக்க வேண்டும். டாக்டர் அதற்குள் தன்னை நிறுத்துப் பார்க்கிறார். தேறாவிட்டால் வேறு ஜோடி. இந்தப் பயம் வந்ததிலிருந்து நாலு பக்கமும் நாற்பது பக்கமாகத் தெரிந்தது அவருக்கு.

அன்று வக்கீலுக்குப் பதில் கிடைக்கவேயில்லை. ஆட்டமும் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக்காரர் நாலு பக்கத்தையும் மனைவி கையில் கொடுத்தார்.

“கேளு. நான் சொல்றேன்.”

மனைவி படித்துப் பார்த்தாள். “பார்ட்னர் ஒரு கிளாவர்னா?”

“பதினாறு பாயிண்ட்டாவது இருக்கு. எந்த இனமா வேணா இருக்கலாம்.”

“அதுக்கு நீங்க ஒரு டைமன்னா?”

“என்கிட்ட ஒண்ணும் இல்ல.”

“ஒரு ஆர்ட்டின்?”

“சுமாரா இருக்கு.”

“ஒரு ஸ்பேடு?”

“நிறைய இருக்கு.”

“எல்லாம் சரியாத்தானே சொல்றீங்க?” என்று வரிசையை மாற்றிக் கேட்டாள். “ஒரு ஆர்ட்டின்?”

அவர் பென்சிலைக் கடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தார். மனத்துக்குள் டைமனிலிருந்து ஆரம்பித்தால்தான் ஆர்ட்டினுக்கு வர முடிந்தது.

“அந்தப் பக்கமாவே கடிக்கிறீங்களே, இன்னுமா அந்தப் பல்லு சரியாகல?” என்றாள் மனைவி.

ஏழு வருஷத்துக்கு முன்னால் வலப்பக்கக் கடைவாய்ப் பல்லுக்குச் சம்பந்தி ஒரு மூடி போட்டுவிட்டார். அது அரிசி அளவு உயரம் கூடிப்போயிற்று. அன்றிலிருந்து கண்ணாடிக்காரர் இடப்பக்கமாகத்தான் மெல்லுகிறார். “போய்ச் சொன்னா ராவிவிடப் போறார், ரெண்டு நிமிஷ வேலை,” என்று மனைவி சொல்லாத மாதம் இல்லை. சம்பந்தி கட்டிவிட்ட பல்லை அவரிடமே போய்க் குறை சொல்வதா? அவர் அந்த ஜாதி இல்லை.

“பல்லை விடு. கேள்வியைக் கேளு.”

“சொல்றது ஒண்ணு, அர்த்தம் வேற, அவ்வளவுதானே? இதுல என்ன கஷ்டம்? சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க. என்ன ஆச்சுன்னு நீங்க கேட்டு, ஒண்ணுமில்லன்னு நான் சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்?”

அவர் நேர்மையாக யோசித்தார். “ஒண்ணுமில்லன்னு அர்த்தம்.”

மனைவி நாலு பக்கத்தையும் மடித்து அவரிடமே கொடுத்தாள். “உங்களுக்கு இந்த முறை வராதுங்க.”

வீட்டில் ஏறாததைக் கடையில் ஏற்றலாம் என்று தீர்மானித்தார். கடையில் அவர் ராஜா. தெருவில் எதிரே வருகிறவரின் நடையைப் பார்த்தே இடக்கண் எவ்வளவு, வலக்கண் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் செய்து கொடுத்த ஒரு கண்ணாடிகூடத் திரும்பி வந்தது கிடையாது. இதை அவர் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம், “போட்டுக்கிட்டவங்களுக்குக் கடைக்குத் திரும்பி வர வழி தெரிஞ்சிருக்காது,” என்பாள் மனைவி.

பார்வை பார்க்கிற நாற்காலிக்கு எதிரே சுவரில் எழுத்து அட்டை தொங்கியது. மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்னது. அதன் பக்கத்தில் இன்னோர் அட்டை மாட்டி, அதே மாதிரி பெரிய எழுத்து, நடு எழுத்து, சின்ன எழுத்து என்று புது முறையை எழுதினார். ஆள் இல்லாத நேரத்தில் நாற்காலியில் தானே உட்கார்ந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தார். முதல் முறையாக அது மண்டையில் ஏறியது. செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார்.

“கடைசி வரி தெரியுதா பாருங்க.”

“தெரியுதே. ஒரு டைமன், ஒண்ணும் இல்லாதவன்.” பெரியவர் திரும்பிப் பார்த்தார். “யாரைச் சொல்றீங்க?”

“பார்வை பிரமாதமா இருக்கு. உங்களுக்குக் கண்ணாடியே வேண்டாம்,” என்று அவரைச் சந்தோஷமாக அனுப்பிவைத்தார் கண்ணாடிக்காரர். அடுத்து வந்த அம்மாள் பக்கத்து அட்டையைப் படித்துவிட்டு, தன் ஜாதகத்தை யார் கொடுத்தது என்று கேட்டாள். அவர் எதையும் பொருட்படுத்தவில்லை. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அட்டையைப் பார்க்காமலே மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் சொல்ல வந்துவிட்டது.

அட்டையில்தான் வினை இருந்தது. சொந்தத் தொழில் புத்தி அவரைக் கவிழ்த்தது. பார்வை அட்டையில் பெரியது எப்போதும் மேலேதான் இருக்கும். அதனால் “நிறைய இருக்கு” என்பதைப் பெரிய எழுத்தில் மேலே எழுதியிருந்தார், “ஒண்ணும் இல்லாதவன்” என்பதைச் சின்ன எழுத்தில் கீழே. அது சரி. ஆனால் ஏலத்தில் முதலில் வருவது டைமன், அப்புறம் ஆர்ட்டின், அப்புறம்தான் ஸ்பேடு. கிளப் வாசலில் நின்று கடைசியாக ஒரு தடவை ஒப்பித்தபோது, முதல் வரிக்கு முதல் வார்த்தையைச் சேர்த்துவிட்டார். டைமனுக்கு எல்லாம் வந்தது, ஸ்பேடுக்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

அன்று டாக்டர் ஒரு கிளாவர் சொன்னார். கண்ணாடிக்காரர் கையில் படம் போட்ட சீட்டு என்று மருந்துக்குக்கூட இல்லை. எல்லாம் மூன்றும் நாலும் ஐந்தும். ஆனால் மனம் நிறைந்திருந்தது. இந்தக் கைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று இந்தத் தடவை ஒரு நொடியில் தெரிந்ததே.

“ஒரு ஸ்பேடு,” என்றார் கம்பீரமாக.

டாக்டர் நிமிர்ந்தார். அடுத்த வார்த்தையில், எந்த இனம் என்று சங்கேதமாகக் கேட்டார். கண்ணாடிக்காரர் ஆர்ட்டின் என்றார். டாக்டர் ஒரே தாவலில் ஆறு ஆர்ட்டினுக்குப் போனார். அப்படிப் போனால் பதின்மூன்றில் பன்னிரண்டு பிடி எடுத்தே தீர வேண்டும். எடுத்தது ஆறு.

வக்கீல் சீட்டுக்களை அடுக்கிக்கொண்டே, “ஒரு ஸ்பேடுன்னா என்ன அர்த்தம்னு நான் கேக்கவே இல்ல. கேக்காமலே தெரிஞ்சுது,” என்றார்.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். “பரவாயில்ல சம்பந்தி. புதுசுதானே. ரெண்டு பேருக்கும் பழகணும்.”

அந்த ‘ரெண்டு பேருக்கும்’ தான் கண்ணாடிக்காரரைக் குத்தியது. மறுநாள் மகளைப் போனில் கூப்பிட்டார்.

“மாமா என்னம்மா பண்றார்? என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?”

“ஒண்ணும் சொல்லலியேப்பா. இப்பல்லாம் பகல் பூரா வாசப்பக்க வெளிச்சத்துல சீட்டை விரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். ஒரே சீட்டை எடுத்து எடுத்துப் பாக்கறார். கேட்டா, பழகிக்கறேன்மாங்கறார்.”

கண்ணாடிக்காரர் போனை வைத்தார். அந்த மனுஷன் பகல் பூராவும் உழைக்கிறார், தானோ அட்டையைத் தலைகீழாகப் படித்துவிட்டு வந்து நிற்கிறோம். அந்த வாரம் அவர் கடையைப் பாதி நாள் மூடிவிட்டு உட்கார்ந்தார். அட்டையைக் கிழித்துப் போட்டார். மனைவியும் மனம் இரங்கி, அவர் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று “ஒரு ஆர்ட்டின்?” என்று கேட்டாள். உள்ளேயிருந்து தண்ணீர்ச் சத்தத்தோடு “சுமாரா இருக்கு” என்று பதில் வந்தது. செருப்புப் போடும்போது கேட்டாள், தும்மும்போது கேட்டாள், பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும்போதும் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் அன்றிலிருந்து கொஞ்சம் தள்ளியே நிற்கிறார். ஆனால் பாடம் கல்லில் எழுதியதாயிற்று.

மூன்றாவது சனிக்கிழமை. பெயர் கொடுக்கக் கடைசி நாள். செயலாளர் மேஜை மேல் பெயர்ப் பட்டியலையும் பேனாவையும் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஜோடிகள் ஒவ்வொன்றாகப் போய் எழுதிக்கொண்டிருந்தன.

“ஆடி முடிச்சுட்டு எழுதலாமே,” என்றார் டாக்டர். அவர் குரலில் உற்சாகம் இல்லை.

கடைசி ஆட்டம் வரை இருவருக்கும் நடுத்தரக் கைகளாக வந்து போயின. பெரிய சேதம் இல்லை. கடைசிச் சீட்டைப் பிரித்ததும் டாக்டர் வெகுநேரம் பார்த்தார். சீட்டைக் கிட்டே கொண்டுபோனார், தூரத்தில் பிடித்தார். கண்ணாடிக்காரர் ஒழுக்கமான ஆட்டக்காரர். பார்ட்னர் முகத்தைப் பார்க்காமல் மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு கிளாவர்.”

பார்ட்னர் சொன்னது சங்கேதம் என்று அறிவிக்கக் கண்ணாடிக்காரர் விதிப்படி மேஜையைத் தட்டினார். வக்கீல் வாயைத் திறக்கும் முன்னே பதில் மடை திறந்தது. “பதினாறு பாயிண்ட்டும் அதுக்கு மேலயும். ஏஸுக்கு நாலு, ராஜாவுக்கு மூணு, ராணிக்கு ரெண்டு, ஜாக்கிக்கு ஒண்ணு, இந்தக் கணக்குல. எந்த இனமும் இருக்கலாம். கிளாவர்ங்கறது பேருக்குத்தான்.”

வக்கீல் தலையசைத்தார். டீச்சர் கைதட்டப் போய், சீட்டு கையில் இருப்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் கையிலும் அன்று பதின்மூன்று பாயிண்ட். “ஒரு ஸ்பேடு” என்றார், இந்தத் தடவை சரியாகவே. எந்த இனம் என்று டாக்டர் கேட்டார். ஆர்ட்டின் என்றார். எல்லாம் அந்த நாலு பக்கத்தில் அச்சடித்தபடி நடந்தது. மறுபடி ஆறு ஆர்ட்டின். வக்கீல் முதல் சீட்டை இறக்கினார். டாக்டர் தன் பதின்மூன்று சீட்டையும் மேஜை மேல் விரித்தார்.

ஓர் ஏஸ். நாலு ஜாக்கி. மற்றதெல்லாம் பொடி.

கண்ணாடிக்காரர் கூட்டிப் பார்த்தார். எட்டு வந்தது. இன்னொரு தடவை கூட்டினார். அப்போதும் எட்டுதான். போதாக்குறைக்குக் கிளாவர் வரிசையில் ஒரு ஸ்பேடு உட்கார்ந்திருந்தது. வக்கீல் ஒரு விரலால் அதை நகர்த்தி அதன் சொந்தக்காரர்களோடு சேர்த்துவிட்டார். கண்ணாடிக்காரர் மூச்சைப் பிடித்து ஆடி எட்டுப் பிடி எடுத்தார். நாலு குறைவு.

“தப்பு என்னோடதுதான் சம்பந்தி,” என்றார், என்ன தப்பு என்றே தெரியாமல்.

“இல்ல இல்ல. என்னோடது,” என்றார் டாக்டர்.

“நான்தான் அவசரப்பட்டு ஒரு ஸ்பேடு...”

“நீங்க சொன்னது சரி சம்பந்தி. நான்தான்.”

“ரெண்டு பேரும் குற்றத்தை ஒத்துக்கிட்டா நான் எப்படி கேஸ் நடத்தறது?” என்றார் வக்கீல்.

டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் மாட்டிக்கொள்ளாமல் கையில் வைத்துக்கொண்டு, பட்டியல் இருந்த மேஜைப் பக்கம் பார்த்தார். “இந்த வருஷம் போட்டி வேண்டாம்னு பாக்கறேன். நீங்க வேணா வேற யார் கூடவாவது...”

வாக்கியத்தை முடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

கண்ணாடிக்காரர் நடந்தே வீட்டுக்கு வந்தார். மூன்று வாரமாக அடைகாத்த பயம் பொரிந்து வெளியே வந்துவிட்டது. வழியெல்லாம் அந்த நாலு ஜாக்கியை நினைத்துக்கொண்டே வந்தார். எட்டுப் பாயிண்ட்டை வைத்துக்கொண்டு பதினாறு என்று சொல்கிற அளவுக்கு டாக்டர் கணக்குத் தெரியாதவரா? கிடையாது. இவரோடு ஆடப் பிடிக்கவில்லை, நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் ஆட்டத்தைக் கெடுத்துக் காட்டுகிறார். அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த மனுஷனிடம் கோபம்கூட வரவில்லை இவருக்கு. முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லாமல் தன்னையே கெட்ட ஆட்டக்காரனாக்கிக்கொண்டாரே என்று நினைத்தபோது, அவர்மேல் பிரியம்தான் பொங்கிக்கொண்டு வந்தது.

“நானே விலகிக்கறேன்,” என்றார் மனைவியிடம். “அவர் சொல்ல முடியாம தவிக்கிறார். நாளைக்குக் காலையில போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்.”

“என்ன ஆச்சு?” என்று கேட்டாள் மனைவி.

“ஒண்ணுமில்ல.”

அவள் எதுவும் கேட்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் நடைப்பயிற்சிக்குப் போயிருந்தார். மகளும் மாப்பிள்ளையும் கடைக்குப் போயிருந்தார்கள். சம்பந்தியம்மாதான் கதவைத் திறந்தாள். “வாங்க சம்பந்தி, உக்காருங்க. சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு,” என்றார் பதினோரு வருஷப் பழக்கத்தில். டீ வந்தது. இடப்பக்கமாக ஒரு பிஸ்கட்டை மென்று விழுங்கிவிட்டு, வழியில் ஒத்திகை பார்த்த பேச்சை ஆரம்பித்தார்.

“அவர் இல்லாததும் ஒரு விதத்துல நல்லதுதான். நேர்ல சொன்னா எனக்கே அழுகை வந்துடும். அவர் வேற நல்ல பார்ட்னரா பாத்து ஆடட்டும். அந்த டீச்சரம்மா நல்லா ஆடறாங்க. எனக்கு வருத்தமே இல்லன்னு சொல்லிடுங்க. புது முறையை நானும் முட்டி மோதிப் பாத்தேன். எவ்வளவு படிச்சாலும் எங்க ரெண்டு பேருக்கும் ஒத்து வரல. நான் அவருக்குத் தகுந்த பார்ட்னர் இல்ல.”

“அய்யோ,” என்று சம்பந்தியம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். “அவர் ராத்திரி பூரா தூங்கலை. சம்பந்தியைப் போட்டிக்கு இழுத்துட்டுப் போய் அவமானப்படுத்தக் கூடாது, தன்னால அவர் பேர் கெடக் கூடாதுன்னு புலம்பிக்கிட்டே இருந்தார். உங்களை விட்டா அவருக்கு யார் இருக்கா?”

கண்ணாடிக்காரர் திகைத்தார். கண்ணில் நீர் முட்டியது. சந்தோஷமா துக்கமா என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் அவர் இல்லை.

“அவரால எனக்கு என்ன அவமானம்? பத்து வருஷம் சௌக்கியமாத்தானே ஆடினோம்? இப்ப எதுக்காக இந்தப் புது முறையை எடுத்தார்னுதான் எனக்குப் புரியல.”

சம்பந்தியம்மா எழுந்து போய் வாசலை எட்டிப் பார்த்தாள். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

“நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க சம்பந்தி,” என்று குரலைத் தாழ்த்தினாள். “நீங்க ஆசையா உங்க கையாலயே செஞ்சு குடுத்தீங்களே அந்தக் கண்ணாடி, அதைப் போட்டா அவருக்கு ராஜா எது, ஜாக்கி எது, கிளாவர் எது, ஸ்பேடு எதுன்னே தெரியல, உங்ககிட்ட சொல்ல மனசு வராமத்தான் ஆட்டத்தையே மாத்திட்டார்.”